மின்சுற்றுப் பலகையில் நம் சின்னம்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் சங்கத்தின் வரலாற்றையும் கல்வியின் சிறப்பையும் பேசுவது மரபு. அவ்விரண்டையும் எனக்கு முன்னர்ப் பேசிய பெரியோர் செவ்வனே எடுத்துரைத்துவிட்டனர். விழாக் குழுவினர் எனக்கு இட்ட கட்டளை வேறு. நம் மின்னணுப் பயிற்சி வகுப்பு மாணவர்கள் செய்த இரவுப் படிப்பு விளக்கின் பலகைமேல் சங்கத்தின் சின்னம் எவ்வாறு ஏறிற்று என்பதை, இனி இதே பணியைச் செய்யவிருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் வண்ணம் கூறுமாறு பணித்துள்ளனர். ஒரு படத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுவதற்கு ஓர் உரையா என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஐந்து பலகைகள் வீணான பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

வானொலிப் பெட்டியையோ கைப்பேசியையோ திறந்து பார்த்தவர்கள் உள்ளே பச்சை நிறப் பலகை ஒன்றைக் கண்டிருப்பீர்கள். தொழிற்கூடங்களில் அதனைப் பி.சி.பி. என்பர், தமிழில் அச்சு மின்சுற்றுப் பலகை என்கிறோம். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த தகட்டின்மேல் செம்புப் படலத்தை ஒட்டி, வேண்டாத செம்பைக் கரைசலில் அரித்து நீக்கிவிட்டால், எஞ்சி நிற்கும் செம்புக் கோடுகளே கம்பிகளின் வேலையைச் செய்யும். அச்செம்பின் கனம் பொதுவாக 35 மைக்ரான். அதன்மேல் சால்டர் மாஸ்க் என்னும் பச்சைப் பூச்சு. அதற்கும் மேலே வெள்ளை மையில் எழுத்துகளும் குறிகளும். அவ்வெள்ளை மை அடுக்கிற்குச் சில்க் ஸ்கிரீன் என்று பெயர். அழைப்பிதழ் அச்சிடும் கடைகளில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியின் வழியாக ரப்பர்ப் பட்டையால் மையைத் தள்ளி அச்சிடும் அதே முறையைத்தான் பலகைத் தொழிலிலும் நெடுங்காலம் கையாண்டனர். இப்பொழுது பல தொழிற்கூடங்கள் மையைத் தெளித்து எழுதும் இயந்திரங்களுக்கு மாறிவிட்டன. பெயர் மட்டும் பழையதே நிற்கிறது.

இப்பலகைக்கு ‘அச்சு’ என்னும் அடைமொழி வந்ததற்குக் காரணம் உண்டு. அதனை நம்மவர் அறிந்திருப்பது நலம் என்று கருதிச் சிறிது விரித்துச் சொல்கிறேன்.

பால் ஐஸ்லர் என்பவர் 1907-ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பொறியியல் பட்டம் பெற்ற பின்னரும், யூதர் என்னும் ஒரே காரணத்தால் அவருக்கு உரிய வேலை கிட்டவில்லை. பத்திரிகைத் தொழிலில் அமர்ந்து பிழைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அங்கேதான் அவர் அச்சுக்கூடத்தின் நுட்பங்களைக் கற்றார். 1936-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, கையில் பொருளின்றி வாடகை அறையில் தங்கியிருந்த நாளில், எழுத்தை அச்சிடுவது போல மின்சுற்றையும் அச்சிடலாம் என்னும் கருத்தில் ஊன்றி, அம்முறையில் வானொலி ஒன்றைச் செய்துகாட்டினார். அதைக் கண்ட நிறுவனம் ஒன்று, கம்பி இணைக்கும் வேலையைப் பெண்கள் மலிவாகச் செய்துவிடுகின்றனர், இது எதற்கு என்று திருப்பி அனுப்பிவிட்டதாம். மலிவான கைகள் கிடைக்கும் இடத்தில் புதிய கருவிக்கு மதிப்பில்லை என்பதை நாம் வயலிலும் சாக்கடையிலும் கண்டவர்கள் அல்லவா? உலகப்போர் மூண்டபின் பகைநாட்டவர் என்று சொல்லி 1940-இல் அவரை முகாமில் அடைத்தனர். விடுதலை பெற்று வந்து, அச்சுத் தொழில் செய்த நிறுவனம் ஒன்றின் துணையோடு 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

பலகையின் வரைபடத்தைத் தொழிற்கூடத்திற்கு எடுத்துச் செல்லும் கோப்பிற்குக் கெர்பர் கோப்பு என்று பெயர். அப்பெயருக்குரிய ஜோசப் கெர்பர் 1924-இல் அதே வியன்னாவில், அதே யூதச் சமுதாயத்தில் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவர் நிறுவிய தொழிலகம் செய்த வரைகருவிகளுக்காக எழுதப்பட்ட கட்டளை மொழியே இன்று உலகெங்கும் பலகைத் தொழிற்கூடங்களின் பொதுமொழியாக விளங்குகிறது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட இருவர் கையிலிருந்து வந்த பொருள் இது என்பதை நம் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும் என்று நான் வகுப்பின் முதல் நாளிலேயே சொல்வதுண்டு.

அச்சின் அருமை நம் முன்னோர்க்கும் தெரிந்ததே. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல், ஐஸ்லர் பிறந்த அதே ஆண்டில், சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அதற்கும் முன்னரே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டார். பிறர் எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழித்தனரோ அந்தப் பெயரையே தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட அவர் துணிந்தார். இதை நான் இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம், எங்கள் வகுப்பிலும் அதே போன்ற வழக்கொன்று எழுந்ததுதான்.

சங்கத்தின் சின்னத்தை நீங்கள் அறிவீர்கள். வட்டத்தின் நடுவே விரித்த புத்தகம். அதன்மேல் சுடர் விடும் அகல்விளக்கு. சுற்றிலும் சங்கத்தின் பெயர். அப்பெயரில் ‘ஆதிதிராவிடர்’ என்னும் சொல் இருக்கிறது. விளக்குகளை வாரச் சந்தையிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளிலும் விற்பது என்று முடிவு செய்திருந்தோம். விளக்கின் மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் பலகை வெளியே தெரியும். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சின்னம் வேண்டாம். விளக்கு நன்றாக எரிந்தாலும், யார் செய்தது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்” என்றான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் முதலில் அவன் பக்கமே நின்றேன். நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்குமிடங்களில் ஊர்ப் பெயரைச் சொல்லித் தெருப் பெயரைச் சொல்லாது விட்டவன் நான். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

புத்தகத்தையும் விளக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துகளை விட்டுவிடலாம் என்று ஒரு சமரசம் பேசப்பட்டது. அப்பொழுது மாணவி ஒருத்தி, “கல்விச் சங்கத்தின் சின்னத்திலிருந்து எழுத்தை மட்டும் நீக்கப் போகிறோமா?” என்று கேட்டாள். இரண்டு வகுப்புகள் இவ்வாதத்திலேயே கழிந்தன. இறுதியில் எழுத்துகளோடு முழுச் சின்னமும் பலகையின் முகப்பில் வைப்பது என்று கைதூக்கி முடிவு செய்தோம். முடிவு செய்தது எளிது. அதனைப் பலகையில் ஏற்றுவதில்தான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள் கீகேட். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பணியாற்றிய ழான்-பியேர் ஷர்ராஸ் 1992-இல் இதனைத் தொடங்கினார். பின்னர் 2013 முதல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வு நிலையமும் இதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. இதற்குக் கட்டணம் இல்லை. வாங்குவதற்கு யார் பரிந்துரையும் வேண்டியதில்லை. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பலகையின் அகலம் 60 மில்லிமீட்டர், உயரம் 40. அதில் சின்னத்திற்கு 15 மில்லிமீட்டர் இடம் ஒதுக்கினோம்.

முதலில் ஒரு மாணவன் சங்கத்தின் கடிதத் தாளிலுள்ள சின்னத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதனை அப்படியே பலகை வரையும் திரையில் சேர்த்துவிட்டான். அழகாகத் தெரிந்தது. ஆயினும் கெர்பர் கோப்பை எடுத்துப் பார்த்தால் சின்னம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவ்வாறு சேர்க்கும் படம் பார்த்து வரைவதற்காக மென்பொருள் தரும் மாதிரிப்படம் மட்டுமே, தொழிற்கூடத்திற்குப் போகாது. திரையில் தெரிவதெல்லாம் பலகையில் வரும் என்று நம்பிய முதல் தவறு அது.

படத்தைப் பலகைக்கு உரியதாக மாற்றக் கீகேட்டில் இமேஜ் கன்வெர்ட்டர் என்னும் தனிக் கருவி உண்டு. அது செய்யும் வேலை யாதெனில், வண்ணப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, கருப்புப் பகுதிகளின் ஓரத்தைத் தொடர்ந்து சென்று கோடாக வரைந்து, அக்கோட்டிற்குள் அடங்கிய பரப்பை ஓர் உறுப்பாகச் செய்து தருவது. ஓரம் தேடும் அந்நுட்பத்தைக் கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பீட்டர் செலிஞ்சர் எழுதிய போட்ரேஸ் என்னும் நிரலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கின்றனர். பலகைக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு, இல்லை, செம்பு உண்டு, இல்லை, அவ்வளவே. எந்த அளவு கருமையைக் கருப்பாகக் கொள்வது, எந்த அளவை வெள்ளையாக விடுவது என்னும் எல்லையை நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும். எங்கள் கடிதத் தாளில் சுடர் இளமஞ்சள். எல்லையை நடுவில் வைத்தபொழுது சுடர் மறைந்து அணைந்த விளக்காயிற்று. கருமைப் பக்கம் தள்ளியபொழுது தாளின் மடிப்பும் கைப்பேசியின் நிழலும் சேர்ந்து வந்து புத்தகத்தை மூடிவிட்டன. பிடித்த படத்திலிருந்து நல்ல சின்னம் வாராது என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்து மேலே போனோம்.

அடுத்தது அளவு. படத்தின் அகலம் 1500 புள்ளிகள். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று கருவி கணக்கிட்டதால் சின்னம் 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் அகலத்தில் வந்து நின்றது. பலகையைவிட இரு மடங்கு பெரிய சின்னம்! வகுப்பே சிரித்தது. கணக்கு எளியதுதான். 15 மில்லிமீட்டரில் 1500 புள்ளிகள் அடங்க வேண்டுமெனில் அங்குலத்திற்கு 2540 புள்ளிகள் என்று கொடுக்க வேண்டும். அல்லது மில்லிமீட்டரிலேயே அளவைக் குறிப்பிடலாம். கொடுத்தோம். சரியான அளவில் வந்தது. தொழிற்கூடத்திற்கு அனுப்பிவிட்டோம்.

இரண்டு வாரத்தில் ஐந்து பலகைகள் வந்தன. விளக்கு எரிந்தது. மின்கலம் ஏறிற்று. சுற்று முழுவதும் பழுதின்றி இருந்தது. சின்னத்தைப் பார்த்த மாணவி மட்டும் தலை குனிந்துகொண்டாள். எழுத்துகளில் புள்ளிகள் இல்லை!

தமிழ் எழுத்திற்குப் புள்ளி எத்தகைய உயிர்நாடி என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. மெய்யெழுத்து புள்ளியை இழந்தால் உயிர்மெய்யாகிவிடும். ‘சங்கம்’ ‘சஙகம’ ஆயிற்று. அது போகட்டும். ‘கல்வி’ என்னும் சொல் இடையிலுள்ள புள்ளியை இழந்தால் எச்சொல்லாக மாறும் என்பதைத் தாய்மார்களும் பிள்ளைகளும் கூடியுள்ள இச்சபையில் நான் வாய்விட்டுச் சொல்ல இயலாது. நீங்களே எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னம் வேண்டாம் என்று முதலில் சொன்ன மாணவன், “நான் அப்பொழுதே சொன்னேன்” என்றான். ஐந்து பலகைகளின் மையையும் சுரண்டியெடுத்துப் பிறகு அவற்றைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஒன்றை மட்டும் நான் சுரண்டாமல் ஒளித்து வைத்தேன்.

தவறு தொழிற்கூடத்தாருடையது அன்று, முழுவதும் எங்களுடையதே. வெள்ளை மையில் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடோ புள்ளியோ நில்லாது என்றும், எழுத்தின் உயரம் 1 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் பெரும்பாலான தொழிற்கூடங்கள் தம் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. ஆங்கில எழுத்துக்கு அந்த 1 மில்லிமீட்டர் போதும். தமிழுக்குப் போதாது. வட்டத்தைச் சுற்றிய எங்கள் எழுத்துகளின் உயரம் 1.2 மில்லிமீட்டர், விதிக்கு உட்பட்டதே. ஆனால் அவ்வுயரத்தில் ஒரு புள்ளியின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். விதி புள்ளியை நினைத்து எழுதப்படவில்லை. மென்பொருளின் விதிச் சோதனையும் இதைக் கண்டு சொல்லவில்லை. புள்ளி போனதோடு, ‘ஆ’, ‘தி’, ‘ணி’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை பரவி அடைத்துக்கொண்டதையும் கண்டோம். நம் எழுத்தை நமக்காக அளந்து வைப்பார் வேறு எவரும் இலர். நாமே அளக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை சின்னத்தைப் புதிதாக வரைந்தோம். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள், இதற்கும் கட்டணமில்லை. பிடித்த படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் வட்டத்தையும் புத்தகத்தையும் விளக்கையும் கோடுகளாக வரைந்தாள் அம்மாணவி. புத்தகத்தின் பக்கங்களில் கடிதத் தாளில் இருந்த பன்னிரண்டு மெல்லிய வரிகளை நான்கு தடித்த வரிகளாகக் குறைத்தாள். சின்னத்தைச் சிறுப்பது வேறு, சிறிய இடத்திற்கென்று வரைவது வேறு என்பதை நான் அவளிடம் கற்றேன். எழுத்துகளை வட்டத்திலிருந்து எடுத்து, கீழே இரண்டு நேர்வரிகளாக, 2.2 மில்லிமீட்டர் உயரத்தில், தடித்த எழுத்துருவில் அமைத்தாள். பின்னர் ஒவ்வொரு புள்ளியையும் தனியே பெரிதாக்கி 0.35 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாள். திரையில் பார்த்தால் புள்ளிகள் சற்றே பருத்து, எழுத்தின் அழகு குறைந்தாற்போல் தோன்றும். பலகையில் அச்சானபின் அளவாக அமைந்துவிட்டன.

எழுத்துகளை வரைந்தபின் அவற்றை எழுத்தாகவே விடாமல் உருவக் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் வேறு கணிப்பொறியில் அந்த எழுத்துரு இல்லாதவிடத்து வேறு வடிவம் வந்து நிற்கும். கீகேட்டின் ஏழாம் பதிப்பு 2023-இல் வெளிவந்ததிலிருந்து கணிப்பொறியிலுள்ள எழுத்துருக்களை அதனுள்ளேயே நேரடியாகப் பயன்படுத்தலாம். அதற்கு முன்னர் அம்மென்பொருளுக்கென்று அமைந்த கோட்டெழுத்தே கதி. ஆயினும் சின்னத்திற்கு உருவக் கோடாக்குவதே உறுதியான வழி என்பது என் கருத்து. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அவை நகரமாட்டா. படத்தை எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுப்படக் கோப்பாகச் சேமித்து, கீகேட்டில் கிராஃபிக்ஸ் இறக்குமதி என்னும் கட்டளையால் கொண்டுவந்தோம். புள்ளிப்படம் போல ஓரம் தேடும் வேலையோ கருமை எல்லை பார்க்கும் வேலையோ இல்லை. வரைந்த கோடே பலகையில் கோடாகிறது. மில்லிமீட்டர் கணக்கில் வரைந்திருந்தால் அளவும் மாறுவதில்லை.

பின்னர், எந்த அடுக்கில் வைப்பது என்னும் வினா எழுந்தது. வெள்ளை மையில் வைக்கலாம். செம்பிலேயே வரைந்து பச்சைப் பூச்சின் அடியில் விட்டால், மங்கலாக, இலைநரம்பு போலத் தெரியும். செம்பிலும் வரைந்து, அதே வடிவில் பச்சைப் பூச்சையும் திறந்துவிட்டால், உலோகமே வெளித்தெரிந்து பளபளக்கும். சின்னம் வேண்டாம் என்று வாதிட்ட மாணவன்தான் இதைக் கேட்டவுடன், சுடரை மட்டும் உலோகமாக வைப்போம் என்றான். புத்தகமும் விளக்கும் எழுத்தும் வெள்ளையில். சுடர் மட்டும் உலோகத்தில். நல்ல யோசனை. ஆயின் செம்பில் எதை வைத்தாலும் அது மின்சாரம் பாயும் பொருள் என்பதை மறக்கலாகாது. அருகிலுள்ள கோடுகளோடு ஒட்டினால் சுற்றே கெட்டுவிடும். வெளிப்பட்ட உலோகத்தின்மேல் சால்டரிங் செய்யும்பொழுது ஈயம் ஏறிக் கட்டியாகவும் கூடும். சுடரைப் பலகையின் தரை இணைப்புச் செம்போடு சேர்த்து, மின்கலத்தின் முனைகளிலிருந்து தள்ளி வைத்தோம். வெள்ளை மைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. உறுப்புகளைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டுகளின்மேல் மை விழுந்தால் தொழிற்கூடத்தார் அவ்விடத்து மையை வெட்டிவிடுவர். முதற்பலகையில் விளக்கின் ஒரு மூலை அவ்வாறு அறுபட்டிருந்தது.

பலகையின் பின்புறத்தில் சின்னம் வைக்க விரும்புவோர் படத்தை முன்கூட்டியே கண்ணாடி எதிருருவாகத் திருப்ப வேண்டா. பின்பக்கத்திற்குப் புரட்டும்பொழுது மென்பொருளே எதிருரு ஆக்கிக்கொள்ளும். நாமும் திருப்பி அதுவும் திருப்பினால் கெட்டுப்போகும்.

இனிச் சொல்லப்போவது சிறிய செய்தி. ஆனால் என்னை உலுக்கிய செய்தி. சின்னத்தை நாங்கள் ஓர் உறுப்பாக, ஃபுட்பிரிண்டாக, ஆக்கிப் பலகையில் வைத்திருந்தோம். ஒரு நாள் மாலை மின்தடை ஒன்றின் மதிப்பை மாற்ற வேண்டியிருந்தது. சுற்று வரைபடத்தில் மாற்றிவிட்டு, அவ்வரைபடத்தின்படி பலகையைப் புதுப்பிக்குமாறு கட்டளையிட்டான் ஒரு மாணவன். அக்கட்டளையில், வரைபடத்தில் இல்லாத உறுப்புகளை நீக்கிவிடு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறியிட்டிருந்தது. ஒரு நொடியில் சின்னம் காணாமற்போயிற்று. பலகையில் அது இருந்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் மூல வரைபடத்தில் அதற்குப் பதிவில்லை. ஆகவே அது வந்தேறியாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டது.

பட்டாவில் பெயரில்லாத நிலத்தை நம்மவர் எத்தனை தலைமுறை உழுதனர் என்பதை மூத்தவர்கள் அறிவீர்கள். கட்டடத்திற்குக் கல் சுமந்தவர் பெயர் திறப்புவிழாக் கல்வெட்டில் இராது என்பதையும் அறிவீர்கள். கணிப்பொறிக்குச் சாதியும் இல்லை, வஞ்சமும் இல்லை. பதிவேட்டில் இல்லாததை நீக்கு என்று சொன்னால் நீக்குகிறது. பின்னர், சுற்று வரைபடத்திலேயே சின்னத்திற்கு ஒரு குறியை வைத்து, அக்குறியைப் பலகையிலுள்ள உறுப்போடு இணைத்தோம். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது சேராதவாறும் குறித்தோம். இணைக்க விரும்பாதவர்கள் பலகையில் சின்னத்தைப் பூட்டியாவது வைக்கலாம். இனி எத்தனை முறை புதுப்பித்தாலும் அது நிற்கும்.

அண்ணல் அம்பேத்கரின் உருவத்தையும் பலகையில் வைக்க வேண்டும் என்று சிலர் ஆர்வத்தோடு முயன்றனர். அதைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். படத்தில் கருப்பாக உள்ளதெல்லாம் பலகையில் வெள்ளை மையாக வரும். எனவே கோட்டும் மூக்குக்கண்ணாடியும் தலைமுடியும் வெள்ளையாகி, முகம் பச்சையாக, நிழற்படச் சுருளில் காணும் எதிர்ப்படம் போல் வந்தது. அதற்கு நெகட்டிவ் என்னும் கட்டத்தைக் குறியிட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியும் பார்த்தோம். ஆனால் 15 மில்லிமீட்டரில் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு நில்லவில்லை. கண்ணாடியில்லாத அந்த முகம் எவர் முகமோ ஆயிற்று. பெரிய பலகை கிடைக்கும்வரை பொறுப்போம் என்று நான் தடுத்துவிட்டேன். சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிறருடைய சின்னங்களையும் இதே எளிய வழியில் கொண்டுவந்துவிடலாம் என்பதால் இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையை உரிமம் பெறாமல் பதிப்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அரசின் சிங்கத் தூண் சின்னத்திற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரு மாணவன் தான் வாங்கிய மின்னேற்றியின் அடியிலிருந்த குறிகள் அனைத்தையும் அழகிற்காகப் படியெடுத்து வைத்திருந்தான்! அவற்றுள் ஒன்றுக்கும் நாம் உரியவர் அல்லர்.

நம் சின்னத்திற்கும் அளவு வேண்டும். நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். சின்னத்தை 25 மில்லிமீட்டராக்க வேண்டும் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டபொழுது எனக்கு அந்தக் குழல்விளக்கே நினைவுக்கு வந்தது. 15 மில்லிமீட்டரே போதும் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் தொகுதியை அனுப்புமுன் இரண்டு சோதனைகள் செய்தோம். கெர்பர் கோப்புகளை அவற்றைக் காட்டும் தனிக் கருவியில் திறந்து ஒவ்வோர் அடுக்காகப் பார்த்தோம். பின்னர் உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, எழுத்தறிந்த பாட்டி ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடித்தார். அதன்பிறகே அனுப்பினோம்.

இருபது விளக்குகள் கடைகளுக்குச் சென்றன. ஒரு கடைக்காரர் மூன்றைக் காரணம் கூறாமல் திருப்பித் தந்தார். மற்றொருவர் இன்னும் பத்துக் கேட்டிருக்கிறார். திருப்பி வந்த மூன்றும் இப்பொழுது நம் மாணவர் விடுதியில் எரிகின்றன.

சின்னத்தின் கோப்பு 10, 15, 25 மில்லிமீட்டர் என மூன்று அளவுகளில், ஒவ்வோர் அளவிற்கும் தனித்தனியே வரைந்து, சங்க நூலகத்துக் கணிப்பொறியில் வைக்கப்பட்டுள்ளது. 10 மில்லிமீட்டர் வடிவத்தில் எழுத்து இல்லை. அவ்வளவில் புள்ளி நில்லாது என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை. பலகைகளை மேடைக்கு இடப்புறமுள்ள மேசைமேல் பரப்பியிருக்கிறோம். முதல் தொகுதியில் நான் ஒளித்து வைத்த ஒன்றும் அங்கே இருக்கிறது. பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு. பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் அந்தப் பலகையை மட்டும் தயவுசெய்து உரக்கப் படித்துக் காட்ட வேண்டா என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.